சொல்லைத் தனியே அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் நாள்தோறும் ஒரு சிறு கட்டத்துக்குள் பத்து ஆங்கிலச் சொற்களும் அவற்றுக்கு நேரே தமிழ்ப் பொருளும் வெளியாகின்றன. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் அந்தக் கட்டத்தை நான் தவறாமல் பார்க்கிறேன். மாலையில் என் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வரும் பிள்ளைகளோ அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, மனப்பாடமும் செய்துவிடுகிறார்கள். அந்த உழைப்பு வீணாகிறதே என்ற ஆதங்கத்தில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அப்பிள்ளைகளில் ஒருத்தி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் பொருள் சொல்லிவிடுவாள். நேர்காணலுக்குப் பழக்குவதற்காக, வீட்டில் அண்மையில் நடந்த திருமணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னேன். "மை சிஸ்டர் டைட் எ சில்க் சாரி, கெப்ட் ஃப்ளவர்ஸ், அண்ட் புட் பேங்கிள்ஸ்" என்றாள். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. சொற்கள் ஒவ்வொன்றும் அவளுக்குப் பொருள் தெரிந்தவை, சரியான இறந்தகால வடிவில் நிற்பவை. ஆனால் தமிழறியாத ஒருவர் அதைக் கேட்டால், அக்காள் ஒரு பட்டுச் சேலையை எதிலோ கட்டிப்போட்டாள், பூக்களை எங்கோ பத்திரப்படுத்தினாள், வளையல்களை எங்கோ போட்டாள், எங்கே என்பதைச் சொல்ல மறந்துவிட்டாள் என்றுதான் புரிந்துகொள்வார். சேலை, பூ, வளையல் மூன்றுக்கும் ஆங்கிலம் 'வேர்' என்ற ஒரே வினையைத்தான் வைத்திருக்கிறது. கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, செருப்பு, வாசனைத் தைலம், ஏன், ஒருவர் முகத்திலுள்ள தாடியும் புன்னகையும்கூட அந்த ஒரு வினைக்குள் அடங்கிவிடும். தமிழிலோ சேலையைக் கட்டுகிறோம், சட்டையைப் போடுகிறோம், பூவை வைக்கிறோம் அல்லது சூடுகிறோம், பொட்டை இடுகிறோம், விபூதியைப் பூசுகிறோம், மையைத் தீட்டுகிறோம். அந்தப் பெண் தமிழின் இந்த வளத்தை அப்படியே ஆங்கிலத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டாள்.

அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'கீப்' என்றால் 'வை' என்றும், 'புட்' என்றால் 'போடு' என்றும், 'டை' என்றால் 'கட்டு' என்றும் அச்சிட்டுக் கொடுத்தவர்கள் நாம்தாம். தமிழில் 'போடு', 'வை' ஆகிய இரண்டும் சுமக்கும் சுமை கொஞ்சநஞ்சமன்று. டீ போடுகிறோம், கோலம் போடுகிறோம், மாத்திரை போடுகிறோம், சண்டை போடுகிறோம், குட்டித் தூக்கமும் போடுகிறோம். குழம்பு வைக்கிறோம், பரீட்சை வைக்கிறோம், விருந்து வைக்கிறோம், ஒருவர்மீது நம்பிக்கையும் வைக்கிறோம். இவற்றை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால், டீயையும் குழம்பையும் 'மேக்', கோலத்தை 'டிரா', மாத்திரையை 'டேக்', பரீட்சையை 'ஹோல்ட்' என்று வேறு வேறு வாசல்களுக்குப் போக வேண்டும். சண்டைக்கு 'ஃபைட்' ஒன்றே போதும், முன்னால் வேறெதுவும் வேண்டியதில்லை. 'புட் ஃபைட்' என்ற தொடரை நான் திருத்திய விடைத்தாள்களில் எத்தனை முறை சிவப்பு மையால் சுழித்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. சுழித்தேனே ஒழிய, அது ஏன் தவறு என்று மாணவனுக்கு விளங்கும்படி சொன்னேனா என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன்.

எனக்கும் எவரும் சொல்லவில்லை. பணியில் சேர்ந்த தொடக்கக் காலத்தில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போயிருந்தபோது, முந்தைய இரவின் மழையைப் பற்றி எழுதிய பத்தியொன்றில் 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதிவிட்டேன். பாடம் எடுத்தவர் அதை அடித்துவிட்டு 'ஹெவி' என்று எழுதினார். காற்றுக்கு 'ஸ்ட்ராங்' வரும்போது மழைக்கு ஏன் வரக்கூடாது என்று கேட்டேன். "அப்படித்தான் சொல்வார்கள்" என்றார். அந்தப் பதில் எனக்கு எரிச்சலை மூட்டியது. பல ஆண்டுகள் கழித்து, எங்கள் ஊர் வங்கிக்கு மாற்றலாகி வந்த வடநாட்டு அதிகாரி ஒருவர் என்னிடம் தமிழ் கற்றுக்கொண்டார். ஒரு நாள் அவர், "காலையில் பல் கழுவினேன், என் மனைவி வாசலில் கோலம் எழுதினாள்" என்று சொல்ல, உள்ளேயிருந்து என் வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். கையைக் கழுவலாம், பல்லை ஏன் விளக்கத்தான் வேண்டும் என்று அவர் கேட்டபோது, "அப்படித்தான் சொல்வோம்" என்பதைத் தவிர எனக்கும் வேறு பதில் கிடைக்கவில்லை. அந்த முகாம் ஆசிரியர்மீது எனக்கிருந்த மனக்குறை அன்றோடு போயிற்று.

இன்ன சொல் இன்ன சொல்லோடுதான் சேரும் என்ற இந்த உறவை மொழியியலார் சொற்சேர்க்கை என்கிறார்கள். இதை அறிவுக்குப் புலப்படும்படி எடுத்துச் சொன்னவர்களுள் இருவர், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஆசிய நகரங்களில் ஆங்கிலம் கற்பித்தவர்கள். ஹெரால்ட் பாமர் 1922இல் ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டு ஆங்கிலக் கல்வியைச் சீரமைப்பதில் ஈடுபட்டார். ஜப்பானிய மாணவனைத் திணற வைப்பது தனிச்சொல் அன்று, சொற்கள் ஒன்றோடொன்று சேரும் முறைதான் என்று கண்டு, அத்தகைய சேர்க்கைகளைத் திரட்டி 1933இல் டோக்கியோவில் ஓர் அறிக்கையாக வெளியிட்டார். அங்கே அவருடன் பணியாற்றிய ஏ.எஸ். ஹார்ன்பி, ஆங்கிலம் கற்போருக்கென்றே உருவாக்கிய அகராதி 1942இல் டோக்கியோவிலேயே வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை ஏற்று வெளியிட்டது. இன்று நம் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூதாதை அதுதான். இன்னொருவர் ஜே.ஆர். ஃபெர்த். லண்டனில் மொழியியல் பேராசிரியராகப் புகழ்பெறுவதற்கு முன், 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். 1951இல் எழுதிய கட்டுரையில், 'நைட்' என்ற சொல்லின் பொருளில் ஒரு பகுதி அது 'டார்க்' என்ற சொல்லோடு சேர்ந்து வருவதில் அடங்கியிருக்கிறது என்று காட்டினார். அதாவது, துணைச்சொல் பொருளுக்கு வெளியே நிற்கும் அலங்காரம் அன்று, பொருளின் உள்ளுறுப்பு.

இதைப் படித்து வியந்த எனக்கு, நம் வீட்டிலேயே இருந்த பெட்டகத்தைத் திறந்து பார்க்கத் தோன்றாமல் போனதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில், வேறு வேறு வினைகளுக்கு உரிய பொருள்களை ஒரு பொதுச்சொல்லால் குறிக்கும்போது, அவற்றுள் ஒன்றுக்கு மட்டுமே உரிய வினையை அதற்குக் கொடுக்கலாகாது என்று ஒரு விதி இருக்கிறது. 'அடிசில்' என்பது தின்பனவும் பருகுவனவும் அடங்கிய உணவு. ஆகவே அடிசிலைத் தின்றார் என்றோ பருகினார் என்றோ சொல்லாமல், இரண்டுக்கும் பொதுவாக அயின்றார் (உட்கொண்டார்) என்று சொல்ல வேண்டும் என உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். பெயர்ச்சொல்லுக்கு ஏற்ற வினையைத் தேடும் கவலை நம் இலக்கணத்துக்கு எவ்வளவு பழையது பாருங்கள்! பொருளதிகாரத்தின் இறுதி இயலான மரபியல், இளமைப் பெயர்களை மட்டும் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதாக எண்ணி, எது எதற்கு உரியது என்று வகுத்துச் சொல்கிறது. நன்னூலார் மரபு என்பதற்கு இலக்கணம் சொல்லும்போது, உயர்ந்தோர் ஒரு பொருளை எச்சொல்லால் எவ்வாறு வழங்கினார்களோ அவ்வாறே வழங்குவது என்கிறார். எனக்கு எரிச்சலூட்டிய "அப்படித்தான் சொல்வார்கள்" என்ற அதே பதில்தான், நூற்பாவின் கம்பீரத்தோடு.

நம் பள்ளித் தமிழ்ப் பாடத்தில் இது மரபுச்சொற்கள் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. குயில் கூவும், மயில் அகவும், காகம் கரையும், யானை பிளிறும் என்று ஓசை மரபு. வாழை இலை, தென்னை ஓலை, வேப்பந்தழை, முருங்கைக்கீரை என்று தாவர மரபு. பானை வனை, கூடை முடை, சுவர் எழுப்பு, பூப் பறி என்று வினை மரபு. மயில் கூவியது என்று எழுதினால் அது மரபுப் பிழை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதே பிள்ளை அடுத்த பாடவேளையில் ஆங்கில வகுப்புக்கு வந்து 'மேக் எ மிஸ்டேக்' என்பதற்குப் பதிலாக 'டூ எ மிஸ்டேக்' என்று எழுதும்போது, முன்னதும் பின்னதும் ஒரே வகைப் பிழை என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் எதிரெதிரே அமர்ந்து டீ குடிக்கிறார்கள் என்பது வேறு.

சொற்சேர்க்கை என்றவுடன் பலர் மரபுத்தொடர்களை எண்ணிக்கொள்கிறார்கள். ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் பயிற்சி நிலையங்கள் சில, 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று மழையைப் பூனையாகவும் நாயாகவும் பொழியவைக்கும் தொடரை முதல் வாரத்திலேயே ஒப்பிக்க வைக்கின்றன. ஆங்கிலேயர்களே இன்று பேச்சில் அதை அரிதாகத்தான் சொல்கிறார்கள். மரபுத்தொடர் எப்போதோ போடும் பட்டுச்சட்டை. சொற்சேர்க்கை அன்றாடம் உடுத்தும் வேட்டி. முன்னது தெரியாவிட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை. பின்னது பிசகினால் இரண்டாம் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

தடையின்றிப் பேசுவதற்கும் இதற்கும் உள்ள தொடர்பை, ஆண்ட்ரூ பாலி, பிரான்சஸ் சைடர் என்ற இருவர் 1983இல் எழுதிய கட்டுரை தெளிவாக்கியது. சரளமாகப் பேசுபவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் செங்கல் செங்கல்லாக அடுக்கிக் கட்டுவதில்லை. நினைவில் முன்பே கோத்து வைத்திருக்கும் சொற்கோவைகளை எடுத்து நீட்டுகிறார். மேலும், இலக்கணம் அனுமதிக்கும் எண்ணற்ற வாக்கியங்களுள் மிகச் சிலவே மக்கள் உண்மையில் சொல்பவை. ஒரு பெண்ணிடம் திருமண விருப்பத்தைத் தெரிவிக்க இலக்கண வழுவற்ற முறைகள் பல உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும்! நம் பிள்ளைகள் நேர்காணலில் திக்குவது சொல் தெரியாததால் அன்று. 'டிசிஷன்' என்ற சொல் வாயில் வந்து நிற்கிறது, அதற்கு முன்னால் எதைப் போடுவது என்று மனம் தமிழிலிருந்து தேடத் தொடங்குகிறது. அந்தத் தேடலுக்குப் பிடிக்கும் நேரந்தான் திக்கல்.

துணையோடு கேட்ட சொல் எப்படித் தங்கும் என்பதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை. எங்கள் தெருமுனை டீக்கடையில், பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெரியவர் ஒருவர் "தம்பி, ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்கிறார். டீக்கு 'ஸ்ட்ராங்' என்பதும், காருக்குப் 'பவர்ஃபுல்' என்பதும், ஒன்றின் இடத்தில் மற்றது செல்லாது என்பதும் மைக்கேல் ஹாலிடே என்ற பேரறிஞர் 1966இல் காட்டிய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பெரியவர் அதை எவரிடமும் பாடம் கேட்காமலே சரியாகக் கையாள்கிறார். ஆனால் அடுத்தவர் கேட்கும் 'லைட் டீ' கடல் கடந்தால் செல்லாது, அங்கே அது 'வீக்'. வயல்வெளியில் மட்டை பிடிக்கும் சிறுவர்களைக் கவனியுங்கள். 'டேக் எ விக்கெட்', 'ஸ்கோர் எ செஞ்சுரி', 'டிராப் எ கேட்ச்', 'வின் த டாஸ்' என்பவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் மாற்றிச் சொல்வதில்லை. விக்கெட்டுக்கு 'மேக்' வருமா 'டேக்' வருமா என்ற ஐயம் எந்தச் சிறுவனுக்கும் வந்ததில்லை. வர்ணனையில் அந்தச் சொற்கள் ஒருநாளும் தனியாக வராததே காரணம்.

இரு மொழிகளும் ஒத்துப்போகும் இடங்களையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அதில் ஒரு சுகமும் உண்டு. பஸ்ஸைப் பிடிக்கிறோம், அவர்களும் 'கேட்ச்' செய்கிறார்கள். சளியிலும் அதே வினைதான், ஆனால் திசை மாறிவிடுகிறது. தமிழில் சளி நம்மைப் பிடிக்கிறது, ஆங்கிலத்தில் நாம் போய்ச் சளியைப் பிடிக்கிறோம். பசியும் கோபமும் தூக்கமும் தமிழில் தாமாக நம்மிடம் வருபவை. அதனால்தான் 'ஆங்கர் கேம் டு மீ' என்று ஒரு மாணவன் எழுதினான். கவிதையாகப் பார்த்தால் எனக்கு அது பிடித்தே இருந்தது; மதிப்பெண் கொடுக்கத்தான் முடியவில்லை. பொய்யின் நிறமும் மாறுகிறது. நாம் பச்சைப் பொய் என்றால் கூசாமல் சொன்ன முழுப்பொய். அவர்கள் வெள்ளைப் பொய் என்றால் பிறர் மனம் நோகாதிருக்கச் சொல்லும் தீங்கற்ற பொய்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதில் தங்கள் நாளிதழும் உண்டு என்பதைப் பணிவுடன் சொல்ல வேண்டும். அடைமழையும் பெருமழையும் பெய்த நாட்டில் 'கனமழை' பெய்யத் தொடங்கியது 'ஹெவி' என்ற அடைமொழியின் நிழலில்தான். ஆயினும் இதில் குறைகாண நான் தயங்குகிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வதைக் கனமழை என்றும், 204.4 வரை மிக கனமழை என்றும், அதற்கு மேல் அதி கனமழை என்றும் வரையறுத்திருப்பதால், அது இப்போது கலைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால், நேரம் 'ஆகும்' என்றோ 'பிடிக்கும்' என்றோ எழுதியதை நேரம் 'எடுக்கும்' என்று எழுதுவதில் அப்படி என்ன கட்டாயம் இருக்கிறது? ஒரு மொழியின் சேர்க்கையை இன்னொன்றில் கொண்டுபோய் ஒட்டும் பழக்கம் இரு திசையிலும் ஓடுகிறது. என் மாணவி ஆங்கிலத்தில் செய்வதைச் செய்தியாளர்கள் தமிழில் செய்கிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம் பிள்ளைகள் லண்டன்காரர்களைப் போலவே பேச வேண்டும் என்பது என் கருத்தன்று. தென்னிந்தியாவில் நாம் 'ரைட் அன் எக்ஸாம்' என்கிறோம், வடக்கே 'கிவ்' என்கிறார்கள், பிரிட்டனில் 'டேக்' அல்லது 'சிட்'. நாம் தேர்வை எழுதுவது நம் நாட்டு ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்ட வழக்கு, அதைக் கேட்டுக் குழம்புபவர் இங்கே எவரும் இல்லை. அதை நான் திருத்துவதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் எழுதுபவனிடம் மட்டும் வேறுபாட்டைச் சொல்லிவைப்பேன். 'கெப்ட் ஃப்ளவர்ஸ்' அப்படிப்பட்டதன்று, கேட்பவருக்குப் பொருளே மாறிப்போகிறது. எது இந்திய வழக்கு, எது வெறும் நேர்பெயர்ப்பு என்று பிரித்தறியும் பொறுப்பு ஆசிரியருக்கு உண்டு. இரண்டையும் ஒரே கோலால் அடித்தால் பிள்ளை வாயைத் திறக்கவே அஞ்சும்; அந்தத் தவறை நான் நெடுங்காலம் செய்திருக்கிறேன்.

இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. சொற்சேர்க்கைக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டு 2002இல் ஓர் அகராதி வெளியிட்டது. அதன் முதல் பதிப்புக்கு அடிப்படை, மக்கள் பேசியதையும் எழுதியதையும் 10 கோடிச் சொற்கள் அளவுக்குத் திரட்டிய பிரிட்டிஷ் தேசியச் சொற்றொகுதி. பெயர்ச்சொல்லைத் தேடினால், அதோடு சேரும் பெயரடைகள், அதற்கு முன்வரும் வினைகள், பின்வரும் வினைகள் எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். என் திண்ணைப் பிள்ளைகளிடம் அந்நூலின் ஒரே படிதான் இருக்கிறது, என்னுடையது. ஆதலால் அவர்களுக்கு நான் சொல்லியிருக்கும் வழி எளிது. ஆங்கிலச் செய்தித்தாளின் ஒரு செய்தியை எடுத்து, அதில் ஏற்கெனவே பொருள் தெரிந்த பெயர்ச்சொற்களை மட்டும் அடிக்கோடிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் நிற்கும் சொல்லைச் சேர்த்து நோட்டில் எழுத வேண்டும். தெரியாத சொல்லைத் தேடாதே, தெரிந்த சொல்லின் துணையைத் தேடு என்பதுதான் நிபந்தனை. முதல் வாரம் பிள்ளைகள் இதை விளையாட்டாக எண்ணினார்கள். பிறகு அந்தக் கல்லூரி மாணவியே, 'ரிஸ்க்' என்பதற்கு முன்னால் 'டேக்' மட்டுமல்ல, 'ரன்' என்பதும் வருகிறதே, ஆபத்தை எதற்காக ஓட்டுகிறார்கள் ஐயா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். முன்னது தெரிந்தே துணிவது, பின்னது ஆபத்துக்கு ஆளாகும் நிலையில் இருப்பது என்று சொன்னேன். அவளாகக் கண்டுபிடித்த சொல் ஆதலால், அதை அவள் மறக்கவில்லை.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அந்தக் கட்டத்தில் சொல்லைத் தனியே அச்சிடாதீர்கள். 'ரெயின்' என்று ஒரு சொல்லும் அதற்கு நேரே 'மழை' என்று ஒரு சொல்லும் எந்தப் பிள்ளைக்கும் புதிதாக எதையும் தருவதில்லை. 'ஹெவி ரெயின்', 'லைட் ரெயின்', 'பெருமழை', 'தூறல்' என்று அக்கம்பக்கமாக அச்சிட்டு, 'ஸ்ட்ராங்' என்பது காற்றுக்கு உரியது என்று கீழே ஒரு வரி சேர்த்தால், இரு மொழிகளின் மரபும் ஒரே பார்வையில் தெரியும். முதல் வாரத்துக்குப் 'போடு', 'வை', 'கட்டு', 'எடு', 'பிடி' என்ற நம் ஐந்து வினைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் எத்தனையாகப் பிரிகின்றன என்று காட்டினாலே, நான் முப்பத்தோரு ஆண்டுகள் சுழித்த பிழைகளில் பாதி குறைந்துவிடும். இதற்காகக் கட்டத்தின் அளவைக் கூட்ட வேண்டியதில்லை. பத்துச் சொற்களை மூன்றாகக் குறைத்தால் இடம் போதுமானதாக இருக்கும். முதல் மாதத்துக்கான பட்டியலைத் தயாரித்து அனுப்ப வேண்டுமென்று தாங்கள் விரும்பினால், என் விடைத்தாள் குறிப்பேடுகள் இன்னும் பரணில்தான் இருக்கின்றன. இறக்கித் தூசி தட்டித் தருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.